சும்மாதான் கூப்பிட்டேன்

எனக்குத் தூக்கம் என்றால் உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. பிறந்தது செட்டிகுளம். வெங்காயம் ஆய்கிற நாட்களில்கூட மத்தியானம் சாக்கின் மேல் தலையைச் சாய்த்தேன் என்றால் பொழுது இறங்கித்தான் எழுந்திருப்பேன். கல்யாணமாகி மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்கு வாழப்போன பிறகும் இந்தக் குணம் மாறவில்லை. அந்த வீட்டில் மாமியார் இல்லை. அவர் இடத்தில் இருந்தது என் வீட்டுக்காரரின் அக்கா. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். நெல் அவிப்பதிலிருந்து மாட்டுக்குத் தவிடு கலக்குவதுவரை அவர் சொன்னால்தான் நடக்கும். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு சில பெயர்கள் வைத்திருந்தேன். அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

அந்த அண்ணிதான் என்னை ஆறு நாள் தூங்க விடாமல் வைத்திருந்தார். அதுவும் வயிற்றைக் கிழித்துத் தைத்துப் போட்டிருந்த ஆறு நாள்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மண்ணெண்ணெய் கிடைக்காது, பஸ்ஸெல்லாம் கரியைப் போட்டு ஓட்டினார்கள். எனக்கு இருபத்தாறு வயது. அடிவயிற்றில் ஒரு கட்டி புறப்பட்டு, கையால் தொட்டால் உருளுகிற அளவுக்கு வந்துவிட்டது. கஷாயம், பற்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் என் வீட்டுக்காரர் என்னை அரியலூருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டர் தம் வீட்டை ஒட்டி எட்டுக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்திவந்தார். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எடுத்தே ஆக வேண்டும், எடுத்துவிட்டால் பயமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அண்ணி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். அறுக்க வேண்டாம் என்று தம்பியிடம் ஒற்றைக் காலில் நின்றார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எனக்கு ஒரு நல்லது நடப்பது இவருக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். நான் அப்படி நினைக்கிற ஆள்தான். யார் எது செய்தாலும் அதில் எனக்கு விரோதமாக ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

ஆனால் துணைக்கு வர வேறு யாரும் இல்லை. என் அம்மாவுக்கு முட்டி வீங்கி, செட்டிகுளத்தில் மலைக்கோயில் படி ஏறுவதையே விட்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கோ அது முந்திரிக் காலம். சித்திரை வெயிலில் பழம் பழுத்துக் கொட்டும். கொல்லையில் ஆள் இல்லாவிட்டால் ஒரு கொட்டை மிஞ்சாது. ஆக அண்ணியேதான் வந்தார். ஒரு பித்தளைக் கூஜா, இரண்டு வெள்ளைப் புடவை, ஒரு கோரைப்பாய். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆப்பரேஷனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மூக்கில் ஒரு துணியை வைத்து அதன் மேல் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டார்கள். எண்ணச் சொன்னார்கள். பதினொன்று வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் பார்த்தது அண்ணியின் முகம். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் இருந்தது.

"கண்ண மூடாத புள்ள" என்றார்.

கண்ணை மூடாமல் என்ன செய்வது? மூடினேன். உடனே தோளைப் பிடித்து உலுக்கினார். அன்று தண்ணீர் கொடுக்கக் கூடாது, ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கலாம் என்று உத்தரவு. அவர் நனைத்த நனைப்பில் பாதி, தாகத்துக்கு இல்லை, நான் விழித்திருக்கிறேனா என்று பார்ப்பதற்கு. அன்று ராத்திரி வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள். ஊசி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அண்ணி வெளியே இழுத்துக்கொண்டு வருவார்.

"புள்ள. ஏ புள்ள."

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்புட்டேன்."

இந்த மூன்று பேச்சையும் அந்த ஆறு நாளில் எத்தனை தடவை பேசியிருப்போமோ, கணக்கில்லை. சும்மா கூப்பிட்டாராம். வயிற்றில் தையலோடு மல்லாந்து கிடக்கிறவளைச் சும்மா கூப்பிட ஒருத்தி. எனக்கு அழுகையாக வரும். அழுதால் வயிறு குலுங்கும், தையல் இழுக்கும். அதனால் அழவும் முடியாது.

பகலில் எழுப்புவதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பகல்ல தூங்குனா புண்ணு நீர் கோத்துக்கும் என்பார். இதை யாரும் மறுத்துப் பேச முடியாது. காது குத்தினாலும் அம்மை குத்தினாலும் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பகலில் தூங்க விட மாட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் சித்தி, எதிர்க் கட்டிலுக்குச் சோறு கொண்டுவருகிற அம்மாள் எல்லோரும், ஆமாம் ஆமாம், தூங்க விடாதே என்று அண்ணிக்கு ஒத்துப் பாடினார்கள். நான் கண்ணை மூடினால் எதிர்க் கட்டிலிலிருந்தே குரல் வரும்: "இந்தா, ஒன் தம்பி பொண்டாட்டி கண்ணு சொருகுது பாரு." ராத்திரி எழுப்புவதற்குத்தான் காரணம் எதுவும் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

போதாததற்குப் பார்க்க வருகிறவர்கள். ஆப்பரேஷன் ஆனவளைப் பார்க்க வராத சொந்தக்காரனோடு எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும். ஆகவே எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் வந்ததற்கு அடையாளமாக என் முகத்தைப் பார்த்து நான் இரண்டு வார்த்தை பேசினால்தான் போவார்கள். தூங்கிக்கொண்டிருந்தால் வந்தது கணக்கில் சேராது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கட்டி எத்தாம் பெருசு இருந்துச்சு என்று கேட்பார்கள். அண்ணி முதல் நாள் கொய்யாக்காய் அளவு என்றார். மூன்றாம் நாள் அது தேங்காயாகிவிட்டது. நான்காம் நாள் வந்த ஒரு பெரியப்பா, பூசணிக்காயாமே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். எனக்கு நன்றாகத் தெரியும், அண்ணிக்கு இந்தக் கூட்டம் பிடித்திருந்தது. ஒருவர் எழுந்து போகும்போது அடுத்தவர் வரவில்லையென்றால் வாசலைப் பார்ப்பார்.

இன்னொன்றும் எனக்கு மனதில் முள்ளாகக் குத்தியது. சித்திரை மாதம். ஓட்டுக் கூரைக்குக் கீழே எட்டுக் கட்டில். எல்லாக் கட்டிலிலும் துணைக்கு வந்தவர்கள் விசிறிக்கொண்டே இருப்பார்கள். என் கட்டிலில் மட்டும் விசிறி கிடையாது. பக்கத்துக் கட்டில் சித்தி பனையோலை விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி அதை வாங்கவேயில்லை. அது எதற்கு, அங்கேயே இருக்கட்டும் என்றார். விசிறக்கூட மனசு வராதவள் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். ஏலாக்குறிச்சிப் பக்கம் விவசாயக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். ஆள் குள்ளம், நடை வேகம். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நாளும் முகத்தைச் சுளித்தார். தூங்கினீங்களா என்று கேட்பார். இல்லை என்பேன். டாக்டர் தூக்கத்துக்கு ஒரு மருந்து எழுதினார். குடித்தால் உப்புக் கரிக்குமாம். எப்படித் தெரியும், அது என் வாய்க்கு வந்தால்தானே? நர்ஸம்மா கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அண்ணி வாங்கி எனக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு மருந்தை ஜன்னல் வழியாக வெளியே சாய்த்துவிடுவார். எனக்கு அது மருந்தில்லை என்பதே தெரியாது. மருந்து கேட்கவில்லையே என்று டாக்டர் வியந்துகொண்டிருந்தார்.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் எனக்குப் புத்தி கொஞ்சம் தடுமாற ஆரம்பித்தது. கூரையில் முந்திரிக்கொட்டைகள் ஊர்ந்துபோவதாகச் சொன்னேனாம். வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டைத் துணி இறுக்குகிறது என்று நானே பிரிக்கப் பார்த்தேனாம். புரண்டு புரண்டு படுத்ததில் கட்டில் சட்டம் கிறீச்சிட்டது எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஆறாம் நாள் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு அண்ணியிடம் சொன்னார்.

"ரெண்டு தையல் நெகிழ்ந்திருக்கு. இவங்க தூங்கணும். இன்னும் ரெண்டு நாள் இப்படியே புரண்டுக்கிட்டிருந்தா புண் பிரிஞ்சுடும். பிரிஞ்சா மறுபடியும் மயக்க மருந்து குடுத்துத்தான் தைக்கணும். இந்தக் காய்ச்சலோட அத இந்த உடம்பு தாங்காது."

தாங்காது என்றால் என்ன என்று எனக்கும் புரிந்தது, அண்ணிக்கும் புரிந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். இனியாவது விடுவார் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் போன கொஞ்ச நேரத்தில் மருந்துக் கிண்ணம் வந்தது. அண்ணி வழக்கம்போல அதை வாங்கி ஜன்னலுக்குப் போனார். இந்தத் தடவை நர்ஸம்மா பார்த்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அண்ணியின் பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்து, நீங்க வெளியே வராந்தாவில இருங்க, நான் கூப்பிடுகிறவரைக்கும் உள்ளே வரக்கூடாது என்றார். பார்க்க வருகிறவர்களையும் வாசலோடு நிறுத்தச் சொன்னார். பிறகு எனக்காகச் சில காரியங்கள் செய்தார். முட்டிக்குக் கீழே ஒரு தலையணை வைத்தார். வயிற்றில் இழுப்பு பாதி குறைந்துவிட்டது. இதை முன்னமே யாரும் எனக்குச் செய்யவில்லையே என்று இருந்தது. ஜன்னலில் ஒரு வேட்டியை நனைத்துக் கட்டினார். எதிர்க் கட்டில் அம்மாளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். இளஞ்சூடாகப் பால் கொடுத்து, அதன் பின்னால் மருந்தைத் தம் கையாலேயே ஊற்றினார். உப்புக் கரித்தது. அப்போதுதான் இத்தனை நாள் குடித்தது தண்ணீர் என்று தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் ஆத்திரப்படுவதற்கும் தெம்பு வேண்டும். ஸ்டேஷன் பக்கம் கூட்ஸ் வண்டி பெட்டி கோக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் கண் இழுத்துக்கொண்டு போயிற்று.

எவ்வளவு நேரம் போயிருக்கும், தெரியாது. கால் மணி இருக்கலாம். விலாவில் ஏதோ குத்தியது. கண்ணை விழித்தேன். ஜன்னலில் கட்டிய ஈர வேட்டியை விலக்கிக்கொண்டு ஒரு மூங்கில் குச்சி உள்ளே வந்திருந்தது. அது மறுபடியும் என் விலாவைத் தொட்டது.

"புள்ள. ஏ புள்ள."

எனக்கு இப்போது இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எங்கிருந்தோ ஒரு துணிக்கொடிக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வெயிலில் நின்று, கம்பிக்குள் விட்டுத் துழாவியிருக்கிறார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு நாள் அடக்கிவைத்ததெல்லாம் ஒரே வாயில் வந்தது. எட்டுக் கட்டிலும் கேட்க, இருந்த தெம்பையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"ஒங்க புருசன முழுங்குனது பத்தாதா? என்னையும் முழுங்கணுமா?"

இந்தப் பேச்சை எங்கள் ஊரில் பலர் பல பெண்களைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் யாரையும் சொன்னதில்லை. சொன்ன வாயை மூடுவதற்கு முன்பே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. நர்ஸம்மா மருந்து மேஜைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

குச்சி மெதுவாக வெளியே போயிற்று. திரும்ப ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேட்டியை ஒரு கை விலக்கியது. கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் முகம் பாதிதான் தெரிந்தது.

"தூங்கட்டும்னுதான் புள்ள அன்னைக்கு நானும் விட்டேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவருக்குத் தொடையில அறுத்துக் கட்டியிருந்தாங்க. மூணாம் நாளு மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டுக் கண்ண மூடுனாரு. நல்லாத் தூங்குறாரு, எழுப்பாதன்னு எல்லாரும் சொன்னாங்க. ஈ உக்காராம விசிறிக்கிட்டே இருந்தேன். பாக்க வந்தவங்களயெல்லாம் வாசல்லயே நிறுத்தி, சத்தம் போடாதீங்கன்னு திருப்பி அனுப்புனேன். பொழுது சாயப் பால் கொண்டாந்து தொட்டு எழுப்புனேன். சில்லுன்னு இருந்தாரு. எப்பப் போனாருன்னே எனக்குத் தெரியல புள்ள. செத்தவருக்கு விசிறிக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன்."

பிறகு, அந்த மயக்க மருந்து உடம்பை விட்டுப் போகவே போகாது, உள்ளேயே கிடந்து தூக்கம் மாதிரி வந்து ஆளைக் கொண்டுபோய்விடும், அது யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் என்றார். புருஷன் காய்ச்சலில் போனார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்படித்தான் எனக்கும் தெரியும். அறுத்ததையோ விசிறியதையோ அவர் யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது. எங்கேயோ வேறு ஊரில் நடந்தது. கேட்பாரும் இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது. அந்தக் கட்டிலோடு தரைக்குள் போய்விட்டால் நல்லது என்று இருந்தது. விசிறியைத் தொடாதது, வாசலைப் பார்த்துப் பார்த்துக் கூட்டம் சேர்த்தது, மருந்தைக் கொட்டியது, அறுக்க வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றது, எல்லாவற்றுக்கும் நான் ஒரே காரணத்தை வைத்திருந்தேன். அவருக்கு என்னைப் பிடிக்காது என்பது. இவர் ஆறு நாளாக என்னைச் சாக விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். காவல் காத்தே என்னைக் கொல்ல இருந்தார் என்பதும் உண்மைதான். அண்ணி என்று கூப்பிட்டேன்.

நர்ஸம்மா வெளியே போய் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். நீங்கள் நினைப்பது தப்பு, மருந்து அன்றைக்கே போய்விட்டது என்றெல்லாம் பேசவில்லை. பேசியிருந்தால் அண்ணி கேட்டிருக்க மாட்டார். ஒரு முக்காலியைப் போட்டு என் இடது பக்கம் உட்கார வைத்தார். என் கையைத் திருப்பி, மணிக்கட்டில் அண்ணியின் விரலை எடுத்து வைத்தார்.

"இதத் தொட்டுக்கிட்டே இருங்க. இது ஓடிக்கிட்டு இருக்குற வரைக்கும் இவங்க தூங்குறாங்க, அவ்வளவுதான். எழுப்பிப் பாக்க வேண்டியதில்ல. ஓடலன்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா என்னக் கூப்புடுங்க. எந்த நேரமானாலும் வரேன்."

அண்ணி தொட்டுப் பார்த்தார். முகம் கலங்கிற்று. ஒன்றும் ஓடவில்லையே என்றார். நான் பேசிக்கொண்டு கிடக்கிறேன், என் கையில் ஒன்றும் ஓடவில்லையாம். நர்ஸம்மா அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்காக முந்திரிக்கொட்டை உடைத்து, தோலைப் பொசுக்குகிற அதன் பால் பட்டுப் பட்டு, விரல் நுனியெல்லாம் காய்த்து மரத்துப்போயிருந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல் உதவவில்லை. நடுவிரலும் உதவவில்லை. சுண்டுவிரலுக்கு முந்தின விரலில், நுனியை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மெத்தென்று ஒரு இடம் மிச்சம் இருந்தது. அதை வைத்து அழுத்தியதும் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடுது" என்றார். பிறகு எதிர்க் கட்டில் அம்மாளைப் பார்த்து, "ஓடுதும்மா" என்றார்.

நான் கண்ணை மூடினேன். ஒரு தடவை பழக்கத்தில் திறந்தேன், இதோ கூப்பிடுவார் என்று. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் மூடினேன். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

எழுந்தபோது மேற்கு ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, வேட்டி காய்ந்து கிடந்தது. வயிற்றில் வலி இருந்தது, ஆனால் அது வலி மட்டுமாக இருந்தது. தலை தெளிந்திருந்தது. கூரையில் ஓடுகள்தான் இருந்தன, முந்திரிக்கொட்டைகள் போய்விட்டன. வியர்த்து, நெற்றி குளிர்ந்திருந்தது. இந்தத் தடவை பிழைத்துக்கொண்டேன் என்று எனக்கே தோன்றிவிட்டது. தையல் பிரியவில்லை என்பது மறுநாள் காலை டாக்டர் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது, எனக்கு அப்போதே தெரியும்.

இடது பக்கம் திரும்பினேன். முக்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணி கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துக் கிடந்தார். அந்த விரல் மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை. மடியில் பக்கத்துக் கட்டில் சித்தியின் பனையோலை விசிறி இருந்தது. கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் விசிறியிருக்கிறார். அந்த விசிறியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் ஆறு நாள் தூங்கவில்லை என்று ஊரெல்லாம் கேட்கப் புலம்பினேனே, அவரும்தானே தூங்கவில்லை? அது எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை. சித்தி அவரை எழுப்பப் போனார், காப்பி வந்திருந்தது. வேண்டாம், தூங்கட்டும் என்று கையைக் காட்டினேன். ஆஸ்பத்திரி முழுவதும் ஓசையில்லாமல் இருந்தது. நானும் அசையாமல் கிடந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் கட்டில் சட்டத்தின் தடம் பதிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னே எழுந்து எனக்குப் பின்னே படுக்கிறவர்.

அப்போது ஒரு ஈ வந்து அவர் கன்னத்தில் உட்கார்ந்தது. அசையவில்லை. கண் இமைக்குப் போயிற்று. அப்போதும் அசையவில்லை. தூங்குகிறார், களைப்பு என்று நினைத்தேன். ஈ உதட்டுக்கு வந்தது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். புடவை மடிப்பில் தெரியவில்லை. என் மணிக்கட்டில் அவர் விரல் குளிர்ந்திருப்பதுபோல இருந்தது. அவர் நாடியைத் தொடலாம் என்றால் என் கை அவர் கைக்குள் இருக்கிறது, மறுகையை நீட்டினால் தையல் இழுக்கிறது. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். தூங்குகிறார் என்றும் தெரியும். ஆனாலும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி" என்றேன். "அண்ணி."

திடுக்கிட்டு நிமிர்ந்தார். விசிறி கீழே விழுந்தது.

"என்ன புள்ள? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான் கூப்புட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தம் இடது மணிக்கட்டைத் திருப்பி, என் விரல்களுக்குள் வைத்து மூடினார். இந்தா புடிச்சுக்க என்பதுபோல ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, சட்டத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். என் விரல் நுனியில் எதுவும் காய்த்திருக்கவில்லை. நாடியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, உடனே கிடைத்தது. விளக்கேற்றுகிற நேரம்வரை அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். ஈ திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. நான் அவரை எழுப்பவில்லை.